தாண்டும் உயரமும் விழும் இடமும்

பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகளில் வென்றவர்களின் பெயர்களை நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். அவர்கள் எட்டிய அளவுகளையும் ஓரளவு சொல்லிவிடுகிறோம். ஆனால், அந்த அளவு எந்தச் சூழ்நிலையில் எட்டப்பட்டது என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஒரு வாயுவின் பருமனை அளந்த மாணவன், வெப்பநிலையையும் அழுத்தத்தையும் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதி வந்தால், ஆசிரியர் செய்முறை ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். விளையாட்டு வரலாற்றையும் அந்த ஆசிரியரின் கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

இதற்கு உயரம் தாண்டுதல் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. இரண்டு கம்பங்கள், அவற்றின்மேல் ஒரு குறுக்குக் கம்பு, ஓடிவரச் சிறிது இடம் - இவ்வளவுதான் கருவிகள். ஒற்றைக் காலால் உதைத்து எழ வேண்டும் என்பது முதன்மையான விதி. இத்தனை எளிய போட்டியில் மனிதன் தாண்டிய உயரம் நூறாண்டுகளில் அரை மீட்டருக்குமேல் கூடியிருக்கிறது. இது எப்படி நிகழ்ந்தது? மனித உடல் மாறிவிட்டதா? அல்லது வேறு ஏதேனும் மாறியதா? தமிழ் மண்ணில் பிறந்த இரண்டு வீரர்களை முன்வைத்து இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

டோக்கியோவில் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர்

1958 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி ஜப்பானியத் தலைநகர் டோக்கியோவில் தொடங்கியது. அப்போட்டிக்காகவே அங்குத் தேசிய விளையாட்டரங்கம் புதிதாகக் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. இந்தியாவின் மில்கா சிங் 200 மீட்டர், 400 மீட்டர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்றது இப்போட்டியில்தான். அதே அரங்கில், உயரம் தாண்டுதலில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றவர் இலங்கையின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே.

எதிர்வீரசிங்கம் 1934 இல் யாழ்ப்பாணப் பகுதியிலுள்ள பெரியவிளானில் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். பதினேழு வயதிலேயே, 1952 இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் பங்கேற்றார். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் படித்துக்கொண்டே பயிற்சி பெற்றார். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுக் கல்விப் பணியில் ஈடுபட்டார். 1962 இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் வெள்ளி வென்ற இவர் 2024 ஏப்ரலில் மறைந்தார்.

2.03 மீட்டர் என்பது அக்காலத்தில் எத்தகைய அளவு? 1951 இல் தில்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் பிலிப்பைன்ஸ் வீரர் ஆண்ட்ரெஸ் ஃபிராங்கோ 1.93 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 1954 இல் மணிலாவில் இந்தியாவின் அஜித் சிங் 1.95 மீட்டருடன் வென்றார். முந்தைய இரு போட்டிகளுக்கிடையே 2 சென்டிமீட்டர்தான் உயர்ந்தது. எதிர்வீரசிங்கம் அதை ஒரே தாவலில் 8 சென்டிமீட்டர் உயர்த்தினார். எட்டாண்டுகளுக்குப் பின், 1966 இல் பாங்காக்கில் இந்தியாவின் பீம் சிங் தங்கம் வென்ற உயரமும் 2.05 மீட்டர்தான்.

மூன்று உயரங்களின் கூட்டல்

உயரம் தாண்டுபவர் உண்மையில் உயர்த்துவது எதை? தன் உடலின் நிறை மையத்தை. உடலின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், அப்புள்ளியே நிறை மையம். நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு அது ஏறத்தாழத் தொப்புளுக்குச் சற்றுக் கீழே அமைகிறது. 1.80 மீட்டர் உயரமுள்ள ஒருவருக்குத் தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்.

எனவே, தாண்டும் உயரத்தை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கால் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் நிறை மையம் இருக்கும் உயரம். நுனிக்காலில் எழும்பி, கைகளையும் ஒரு காலையும் மேலே வீசியிருப்பதால் இது நிற்கும் நிலையைவிடக் கூடுதலாக, ஏறத்தாழ 1.3 மீட்டர் வரை இருக்கும். நெட்டையானவர்களுக்கு இதில் இயற்கையாகவே ஆதாயம் உண்டு.

இரண்டாவது, கிளம்பிய பின் நிறை மையம் மேலேறும் உயரம். இது செங்குத்துத் திசைவேகத்தை மட்டுமே பொறுத்தது. விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கிக் கிளம்பினால், நிறை மையம் சுமார் 80 சென்டிமீட்டர் உயரும். பள்ளிப் பாடத்திலுள்ள சமன்பாட்டைக் கொண்டே இதைச் சரிபார்த்துவிடலாம்.

மூன்றாவது, நிறை மையத்தின் உச்ச உயரத்துக்கும் குறுக்குக் கம்பின் உயரத்துக்கும் உள்ள வேறுபாடு. கதையின் திருப்பமெல்லாம் இங்குதான் இருக்கிறது.

இரண்டாவது பகுதிக்காக வீரர் செலுத்தும் விசையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உதைக்கும் கால் தரையில் பதிந்திருக்கும் நேரம் ஏறத்தாழ 0.17 விநாடி; கண் இமைக்கும் நேரம்தான். 70 கிலோகிராம் உடலை அந்த நேரத்துக்குள் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 1,650 நியூட்டன் அளவு விசை தேவை. உடல் எடையைத் தாங்க வேண்டிய 686 நியூட்டனையும் சேர்த்தால் சராசரியாக 2,300 நியூட்டனுக்கு மேலாகிறது. அதாவது, உடல் எடையைப்போல் மூன்றரை மடங்கை ஒற்றைக் கால் தாங்குகிறது. ஏறத்தாழ இரண்டரை ஆள் எடையைத் தோளில் சுமந்து ஒற்றைக் காலில் நிற்பதற்கு இது ஒப்பாகும்.

கால் உதைக்கும் இந்த இடத்தில் காலணிக்கும் பங்குண்டு. 1957 இல் சோவியத் வீரர் யூரி ஸ்டெபானோவ் 2.16 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தபோது, அவர் உதைக்கும் காலில் அணிந்திருந்த தடித்த அடிப்பாகம் கொண்ட காலணி பெரும் விவாதத்தை எழுப்பியது. சாதனை ஏற்கப்பட்டது. ஆனால், அதன்பின் அடிப்பாகத்தின் தடிமனுக்கு 13 மில்லிமீட்டர் என வரம்பு கட்டிவிட்டார்கள்.

கத்தரி முறையிலிருந்து ஃபாஸ்பரி வரை

மூன்றாவது பகுதிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கிலிருந்தது கத்தரி முறை. பக்கவாட்டில் ஓடிவந்து, கத்தரிக்கோலின் இரு அலகுகளைப்போல் ஒரு காலையடுத்து மறு காலைக் கம்புக்கு மேலே வீசித் தாண்டுவார்கள். உடல் ஏறத்தாழ நிமிர்ந்தே இருக்கும். இதனால் நிறை மையம் கம்பைவிட 25 அல்லது 30 சென்டிமீட்டர் உயரமாகச் செல்ல வேண்டியிருந்தது. உழைப்பில் ஒரு பெரும் பங்கு வீணாயிற்று. எனினும் இம்முறையில் ஒரு பெரிய வசதி உண்டு. தாண்டியவர் காலூன்றியே தரையிறங்குவார். அக்காலத்தில் தாண்டியவர் விழுந்த இடம் புல்தரை அல்லது மணல்.

1912 இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹோரைன் ‘வெஸ்டர்ன் ரோல்’ முறையில், உடலைப் பக்கவாட்டில் கிடத்திக் கம்பின்மேல் உருண்டு, 2 மீட்டர் தாண்டினார். அடுத்து வந்தது ‘ஸ்ட்ராடில்’ முறை. குதிரைமேல் கவிழ்ந்து படுத்தாற்போல், வயிறு கம்பைப் பார்க்க, அதைச் சுற்றி உருளுவது இது. 1936 இல் டேவ் ஆல்பிரிட்டன் இம்முறையில் 2.07 மீட்டர் தாண்டி உலகச் சாதனையைத் தொட்டார். 1963 இல் சோவியத் வீரர் வலேரி புருமேல் இதே முறையில் 2.28 மீட்டரை எட்டினார். ஸ்ட்ராடில் முறையில் நிறை மையம் கம்பை ஏறத்தாழ ஒட்டியே கடக்கிறது.

அதற்கும் மேலே செல்ல வழியுண்டா? நிறை மையம் கம்புக்குக் கீழேயே சென்று, உடல் மட்டும் மேலே கடக்க முடியுமா? கேட்பதற்கு விந்தையாக இருக்கிறதல்லவா? ஆனால், நம் வீட்டு மெதுவடையை நினைத்துப் பாருங்கள். அதன் நிறை மையம் மாவில் இல்லை. நடுவிலுள்ள துளையில் இருக்கிறது. வளைந்த பொருள்களுக்கு நிறை மையம் பொருளுக்கு வெளியே அமையலாம். மனிதன் முதுகை வில்லாக வளைத்தால், அவனுடைய நிறை மையமும் முதுகுக்குக் கீழே வெளிவந்துவிடக் கூடும்.

1968 இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பொறியியல் மாணவர் டிக் ஃபாஸ்பரி இதைத்தான் செய்து காட்டினார். வளைவான பாதையில் ஓடிவந்து, கம்புக்கு முதுகைக் காட்டி எழுந்து, தலை முதலில் செல்ல, மல்லாந்த நிலையில் 2.24 மீட்டரைத் தாண்டித் தங்கம் வென்றார். தலை, தோள், இடுப்பு, கால் என்று உடல் பகுதி பகுதியாகக் கம்பைக் கடக்கிறது. எந்தக் கணத்திலும் முழு உடலும் கம்புக்கு மேலே இருப்பதில்லை!

வளைவாக ஓடுவதிலும் இயற்பியல் இருக்கிறது. வளைவில் திரும்பும் மிதிவண்டியைப்போல் ஓடுபவரும் உள்நோக்கிச் சாய வேண்டும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடினால், சாய்வு ஏறத்தாழ 27 பாகை. இச்சாய்வு நிறை மையத்தைத் தாழ்த்துகிறது. இறுதி அடியில் உடல் நிமிரும்போது மேலே எழ நீண்ட பாதையும், கம்பின்மேல் உருளத் தேவையான சுழற்சியும் கிடைக்கின்றன.

ஃபாஸ்பரிக்குப் பின் உலகமே அவர் வழிக்கு வந்தது. கியூபாவின் ஹவியர் சொட்டோமேயர் 1993 இல் தாண்டிய 2.45 மீட்டர்தான் இன்றும் ஆண்களுக்கான உலகச் சாதனை. பெண்களில் உக்ரைனின் யரோஸ்லாவா மஹூச்சிக் 2024 இல் 2.10 மீட்டர் தாண்டினார்.

விழும் இடம்

இவ்வளவு எளிய உத்தி 1968 வரை ஏன் உலக அரங்குக்கு வரவில்லை? மனிதனுக்கு முதுகு வளையாமலா இருந்தது? விடை கம்புக்கு அப்பால் இருக்கிறது. ஃபாஸ்பரி படித்த பள்ளி, நுரைமெத்தையை முன்னதாகவே வாங்கி வைத்த பள்ளிகளில் ஒன்று. பழைய வீரர்களுக்குக் கிடைத்ததோ மணல் அல்லது மரத்தூள்.

மேலிருந்து விழும் உடலை நிறுத்துவதற்கான சராசரி விசை, நிற்கும் தூரத்தைப் பொறுத்தது. தூரம் குறையக் குறைய விசை பெருகும். ஒருவர் 170 சென்டிமீட்டர் கீழே மணலில் முதுகுப்புறமாக விழுந்து, 5 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். உடல்மேல் தாக்கும் விசை எடையைப்போல் 35 மடங்கு. அதே ஆள் 70 சென்டிமீட்டர் தடித்த மெத்தையில் விழுந்தால், விழும் தூரமே 1 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. மெத்தை 40 சென்டிமீட்டர் அமுங்கினால் விசை எடையைப்போல் மூன்றரை மடங்குதான். பத்தில் ஒரு பங்கு! கழுத்து முறிவதற்கும் சிரித்துக்கொண்டே எழுந்து வருவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் பயணம் செய்யும் மாணவர்களுக்கு இந்தக் கணக்குப் புதியதன்று. அவர்கள் அன்றாடம் கடந்துபோகும் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளில் இதே கணக்குத்தான் நடக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஆகவேதான் காரின் முன்பகுதியை நசுங்கும்படி அமைக்கிறார்கள். சீட் பெல்ட்டையும் காற்றுப்பையையும் பொருத்துகிறார்கள். எல்லாவற்றின் நோக்கமும் ஒன்றே: நிற்கும் தூரத்தைக் கூட்டி விசையைக் குறைப்பது. ஒரகடத்திலுள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் வாகனங்களை மோதவிட்டுச் சோதிக்கும் கூடம் இருக்கிறது. அங்கு அளக்கப்படுவதும், ஃபாஸ்பரியின் முதுகைக் காத்ததும் ஒரே விதிதான்.

ஆக, எதிர்வீரசிங்கத்தின் 2.03 மீட்டரை இன்றைய 2.45 மீட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ‘அன்று குறைவாகத்தான் தாண்டினார்கள்’ என்று சொல்வது பிழை. மெத்தை வந்து, அதை நம்பி முதுகை வளைக்கும் முறை பரவுவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே அவர் தாண்டிவிட்டார்.

பெரியவடகம்பட்டியிலிருந்து ரியோவுக்கு

இரண்டாவது வீரர் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் ஓமலூருக்கு அருகிலுள்ள பெரியவடகம்பட்டியில் 1995 இல் பிறந்தவர். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்துசென்றபோது பேருந்து மோதி, அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்த தாய் அவரை வளர்த்தார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அவருடைய திறமையைக் கண்டு ஊக்குவித்தார். பின்னர் பெங்களூருவில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவிடம் பயிற்சி பெற்றார்.

2012 லண்டன் பாராலிம்பிக்கில் கர்நாடகத்தின் கிரிஷா 1.74 மீட்டர் தாண்டி, இதே பிரிவில் வெள்ளி வென்றிருந்தார். 2016 செப்டம்பரில் ரியோ நகரில் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். நான்கே ஆண்டுகளில் 15 சென்டிமீட்டர் ஏற்றம்! இந்தியாவுக்குப் பாராலிம்பிக்கில் 1972 இல் முரளிகாந்த் பெட்கர் நீச்சலிலும், 2004 இல் தேவேந்திர ஜஜாரியா ஈட்டி எறிதலிலும் தங்கம் பெற்றுத் தந்திருந்தார்கள். உயரம் தாண்டுதலில் முதல் தங்கம் மாரியப்பனுடையது.

ஓடிவரும்போது இரு கால்களும் தரையை மாறி மாறி உதைத்தாக வேண்டும். அவற்றுள் ஒன்று குறைந்த விசையையே தருமானால், வேகம் சேர்வதும் இறுதி அடிகளைச் சீராக வைப்பதும் எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய வீரருக்குத் தரைக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள உராய்வு பெரும் பொருட்டாகிறது. 2021 ஆகஸ்டு 31 அன்று டோக்கியோ பாராலிம்பிக்கில் இது வெளிப்பட்டது. போட்டியின் இடையே மழை பெய்தது. பாதிக்கப்பட்ட காலில் அணிந்திருந்த காலுறை நனைந்துவிட்டதால் தாண்டுவது கடினமாயிற்று என்று மாரியப்பன் பின்னர் கூறினார். அன்று அவர் தாண்டியது 1.86 மீட்டர், வெள்ளி. தங்கம் வென்ற அமெரிக்காவின் சாம் கிரூ தாண்டியது 1.88 மீட்டர். இடைவெளி 2 சென்டிமீட்டர்தான்! 2024 இல் பாரிசில் 1.85 மீட்டருடன் வெண்கலம் பெற்று, தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வென்றார்.

வரலாறு சில வேளைகளில் விந்தையான பொருத்தங்களைத் தருகிறது. 1958 ஆம் ஆண்டின் டோக்கியோ அரங்கம் 2015 இல் இடிக்கப்பட்டு, அதே மனையில் புதிய தேசிய அரங்கம் எழுப்பப்பட்டது. 2021 இல் மாரியப்பன் மழையில் தாண்டியது அங்குதான். 63 ஆண்டு இடைவெளியில் இரண்டு தமிழர்கள் ஒரே மண்ணிலிருந்து எழும்பியிருக்கிறார்கள்.

எண்களை ஒப்பிடுவது எப்படி?

1896 இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில், உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற அமெரிக்காவின் எல்லரி கிளார்க் எட்டிய அளவு 1.81 மீட்டர். 1904 இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் வென்ற அளவு 1.80 மீட்டர். மாரியப்பனின் மூன்று பாராலிம்பிக் தாவல்களும் இவற்றைவிட உயரமானவை. இதனால் மாரியப்பன் கிளார்க்கை வென்றுவிட்டதாகக் கூறலாமா? கூறுவது முறையன்று. கிளார்க்குக்கு மெத்தை இல்லை. மாரியப்பனுக்கு முழுமையான இரண்டு கால்கள் இல்லை. ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய சூழ்நிலையோடு சேர்த்தே எழுத வேண்டும். அப்படி எழுதினால் இருவருடைய பெருமையும் குறையாது, கூடவே செய்யும்.

மற்றொரு செய்தியும் இதிலிருந்து கிடைக்கிறது. எதிர்வீரசிங்கம் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பயிற்சி பெற்றார். தில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தேஜஸ்வின் சங்கரும் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில்தான், 2018 இல், 2.29 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்தார்; 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 2.22 மீட்டருடன் வெண்கலமும் வென்றார். இருவருக்கும் அறுபதாண்டு இடைவெளி, வழியோ ஒன்று. கால்கள் இங்கேயே பிறக்கின்றன. ஆனால் ஓடுதளமும் மெத்தையும் பயிற்சியாளரும் ஒருங்கே கிடைக்கும் இடத்தில்தான் சென்டிமீட்டர்கள் கூடுகின்றன.

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தொலைக்காட்சியில் கண்ட ஃபாஸ்பரி முறையை மணல் குழியில் செய்து பார்க்கக் கூடாது. மேலே கண்ட 35 மடங்குக் கணக்கை நினைவில் கொள்க. மணல் மட்டும் இருக்கும் இடத்தில் காலூன்றி இறங்கும் கத்தரி முறையே பாதுகாப்பானது. அடுத்த முறை உங்கள் ஊர்த் திடலில் உயரம் தாண்டுதல் நடக்கும்போது, கம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அதற்கு அப்பால் என்ன விரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அங்குள்ள பிள்ளைகள் எந்த முறையில், எவ்வளவு உயரம் தாண்டத் துணிவார்கள் என்பதை அதைக் கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.